கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பெட்டியில் வந்து இறங்கியபோது
ஏதோ வெள்ளைக்காரப் பேர் ஒட்டியிருந்தது.
ஆறுச்சாமி அண்ணன் அதைச் சுரண்டிவிட்டு
பாவாத்தாள் என்றார். நிலைத்துவிட்டது.

பாவாத்தாளுக்கு நாடி உண்டு. வேர்க்கும்.
டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கும்.
வாய் மட்டும் அசையாது.
அவள் பேசுவதெல்லாம் நான்,
பெருந்துறையில், இரண்டாம் மாடியில்,
ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால்
மைக்கைப் பிடித்துக்கொண்டு.

இன்றைக்கு:
வயது இருபத்து நாலு, தலைப்பிரசவம்,
குழந்தை நலம், ரத்தம் நிற்கவில்லை.
கேஸ் ஷீட்டில் மூன்றாவது வரி,
ஸ்பின்னிங் மில்லில் நாலு வருடம், இளைப்பு உண்டு.
அந்த வரி நான் எழுதியது.

"ஏனுங்க, கிறுகிறுன்னு வருதுங்க" என்கிறேன்.
பிரஷரை எண்பதுக்கு இறக்குகிறேன்.
குழாயைத் திறக்கிறேன்.
திருப்பூரில் மச்சானிடம் சொல்லி
ஆறுச்சாமி வாங்கிவந்த சாயம்
பச்சைத்துணியில், கையுறையில், தரையில்.

"யாராச்சும் பிளட் பேங்க் போங்கப்பா!"
யாராச்சும் என்பவர் அன்று டூட்டியில் இல்லை.
ரிஸ்வான் மேகலாவைப் பார்த்தான்,
மேகலா ரிஸ்வானை.

"கார்போப்ரோஸ்ட் போடுங்க" என்றார் டாக்டர் நந்தகோபன்.
மேகலாவின் விரல் மூன்றாவது வரியில் இருக்கிறது.
உதடு பிரிகிறது.
கேமரா இரண்டில் துல்லியமாகத் தெரிகிறது.
சத்தம் வரவில்லை.
ஊசி இறங்குகிறது.

இனி இளைப்பு என் வேலை.
கம்பெனி தந்த மூச்சிரைப்பு ஒன்று பட்டனில் உண்டு,
சுத்தமானது, ஏசி அறையில் பதிந்தது.
நான் அதைத் தொடுவதில்லை.
கார்டிங் செக்‌ஷனில், ராத்திரி ஷிப்டில்,
மூக்குத்துணியைத் தாண்டிப் பஞ்சு இறங்கிய இடத்திலிருந்து
எடுத்துத் தருகிறேன்.

ஆறு நிமிடம் நாற்பது நொடியில்
பாவாத்தாள் செத்துப்போனாள்.

பிறகு வட்டமாக நாற்காலி, வீடியோ.
டாக்டர் ஹெலன் யாரையும் திட்டவில்லை.
பாதி திறந்த அந்த உதட்டில் படத்தை நிறுத்தி
"இங்க என்ன சொல்ல வந்தீங்க?" என்றார்.
கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.
"சாருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேங்க."
நந்தகோபன் தன் செருப்பைப் பார்த்தபடி
"எனக்குத் தெரியல" என்றார்.
ஒரு டாக்டர் அதை இவ்வளவு லேசாகச் சொல்லி
நான் கேட்டதில்லை.

வாய் அசையாமல் பேசுகிறவள் கட்டிலில்.
வாய் அசைந்தும் பேசாதவள் கட்டிலோரம்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்,
மேஸ்திரி முன்னால் நாலு வருடம்
உதடு மட்டும் அசைத்த ஒருத்தி.

டீ குடித்துவிட்டு மறுபடி.
சாயம் புதிதாகக் கரைத்தது.
ஷீட்டையும் மாற்றியிருந்தேன்:
இளைப்பு இல்லை, பிரஷர் உண்டு,
இம்முறை ஐந்தாவது வரியில்.

"ரிஸ்வான், நீங்க போங்க. ஓ நெகட்டிவ், ரெண்டு யூனிட்."
"ஓ நெகட்டிவ், ரெண்டு. போறேன்."
போனான்.
"மெத்தர்ஜின்" என்றார் நந்தகோபன்.

"வேண்டாங்க சார்!"
தேவைக்கு மேல் சத்தம்.
ஓடத் தொடங்கிய பஸ்ஸை நிறுத்தும் குரல்.
என் ஹெட்போன் கிறீச்சிட்டது.
"பிரஷர் இருக்குதுங்க."

அவர் கை அப்படியே அந்தரத்தில்.
"பிரஷர். சரி, மெத்தர்ஜின் வேண்டாம்.
அடுத்தது என்ன இருக்கு, மேகலா?"

எகிறவைக்கத் தயாராயிருந்த விரலை
நான் எடுத்துக்கொண்டேன்.
சாயக் குழாயைப் பாதியாக்கினேன். பிறகு சொட்டாக.
பிறகு மூடினேன்.

என் காகிதத்தில் கடைசி வசனம் ஒன்று உண்டு.
ஆறு மாதமாக அது வரைக்கும்
ஒருத்தியும் உயிரோடு வந்ததில்லை.
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:
"எங்கொளந்த எங்கீங்க?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
குழந்தைப் பொம்மை
பீரோவில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.
துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு
ஆறுச்சாமி அண்ணன் சாவி தேடி ஓடினார்.